நூற்றுப் பதினாறுக்கு நூற்றுப் பதினாறு

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் தோழியருக்கு முதலில் ஒரு சிறு கணக்கு. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், சீன நாட்டின் ஹாங்சோ நகரில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கைப்பந்தாட்டத்தில் இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. கொரோனா நோயால் ஓராண்டு தள்ளிப்போய் நடந்த போட்டி அது. ஆட்டம் ஐந்து செட்டுகள் நீண்டது. இந்தியாவின் புள்ளிகளை முதலில் எழுதினால் செட்டுகளின் முடிவு இப்படி அமையும்: 25–27, 29–27, 25–22, 20–25, 17–15.

இரு நாட்டின் புள்ளிகளையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். இந்தியாவுக்கு 116. தென்கொரியாவுக்கும் 116! ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை. ஆயினும் வெற்றி இந்தியாவுக்கே. அதுவும் எத்தகைய எதிரி! ஆசிய விளையாட்டுகளில் பல தடவை பதக்கம் சூடிய கொரியா. கூட்டுத்தொகை சமமாக இருக்க, ஒருவர் எப்படி வென்றவராகவும் மற்றவர் எப்படித் தோற்றவராகவும் ஆனார்கள்? இதை விளக்குவதே என் நோக்கம். இதை விளக்கினால் ஆட்டத்தையே விளக்கியதாகிவிடும்.

கைப்பந்து என்று நான் எழுதினாலும், நம் கடற்கரையில் இதற்கு 'வாலிபால்' என்றுதான் பெயர். புன்னைக்காயல், மணப்பாடு, பெரியதாழை என்று எந்தக் கரைக்குப் போனாலும் மணலில் இரண்டு கம்பங்கள் நட்டு ஒரு வலை கட்டியிருப்பதைக் காணலாம். கடலுக்குப் போய் வந்த அண்ணன்மார் பொழுது சாயும் நேரத்தில் ஆடுவார்கள். ஊர்த் திருவிழா வந்துவிட்டால் மின்விளக்குப் போட்டு இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். இருந்தும் கிரிக்கெட்டில் இந்தியா உலகக் கோப்பை வென்ற ஆண்டைக் கேட்டால் ஆறாம் வகுப்புச் சிறுமியும் சொல்வாள். ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் கைப்பந்து அணி கடைசியாகப் பதக்கம் வென்ற ஆண்டைக் கேட்டால் மணலில் ஆடுகிறவர்களே விழிப்பார்கள். 1986 என்பதே விடை. அக்கதைக்குப் பிறகு வருவோம்.

இவ்விளையாட்டு பிறந்தது அமெரிக்காவில். 1895ஆம் ஆண்டு ஹோலியோக் என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் என்பவர் இதை அமைத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருந்த கூடைப்பந்து நடுத்தர வயதினருக்கு மிகவும் மூச்சு வாங்க வைத்ததாம். ஓடாமல், ஒருவரையொருவர் இடிக்காமல் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் எண்ணினார். இன்றைய ஆட்டக்காரர்கள் எகிறிக் குதிப்பதைக் கண்டால் அவர் என்ன சொல்வாரோ! முதலில் 'மின்டனெட்' என்றிருந்த பெயர் மறு ஆண்டே வாலிபால் ஆயிற்று. நம் நாட்டிலும் இதைப் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்குண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் சென்றார்கள். பன்னாட்டுச் சம்மேளனம் 1947இலும், இந்தியச் சம்மேளனம் 1951இலும் அமைந்தன. அதற்கு மறு ஆண்டே மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் நம் அணி ஆடியது.

இனி ஆட்டத்தின் உள்ளே செல்வோம். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவில் வலை. ஆடவருக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் அறுவர். பந்தைப் பிடிக்கக் கூடாது, ஏந்தி நிற்கக் கூடாது. எதிரணி அனுப்பிய பந்தை மூன்றே தொடுதல்களில் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரு முறை தொடக் கூடாது. வலையருகே எகிறிக் கைகளால் மறிப்பதை மட்டும் இந்த மூன்றில் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

இந்த மூன்று தொடுதல்களில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. முதல் தொடுதல், வருகிற பந்தை அடக்கி வலையருகே உள்ளவருக்குச் சேர்ப்பது. இரண்டாம் தொடுதல், அவர் அதை விரல் நுனிகளால் உயர்த்தித் தருவது. மூன்றாம் தொடுதல், ஒருவர் ஓடி வந்து எம்பி அடிப்பது. கை தட்டுகிறவர்கள் மூன்றாவதற்கே தட்டுகிறார்கள். புள்ளியும் அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. இரண்டாமவருக்குச் 'செட்டர்' என்று பெயர். 'லிஃப்டர்' என்று சொல்வாரும் உண்டு. கூட்டத்தினருக்கு அவர் பெயர் பெரும்பாலும் தெரியாது.

நாம் கொற்கைக் கரைப் பிள்ளைகள். ஆகையால் நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு இதைச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அக்காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர் ஒருவர். தோணியில் நின்று கயிறு பிடித்தவர் இன்னொருவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த கணத்தில் மேலே இருப்பவர் இழுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவன் விடமாட்டான் அல்லவா! முத்தெடுத்தவர் என்று பெயர் வாங்கியவர் கடலில் இறங்கியவரே. கைப்பந்தில் செட்டர்தான் கயிறு பிடிப்பவர். முதல் பந்து கோணலாக வந்தாலும் அவர் ஓடிச் சென்று அதை நேராக்கித் தர வேண்டும். யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்பது எதிரணிக்குக் கடைசிக் கணம் வரை தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எதிரே இருவர் மூவர் கைகளை உயர்த்திச் சுவர்போல் நின்றுவிடுவார்கள்.

ஹாங்சோவில் நம் அணியில் இருந்த செட்டர்கள் முத்துசாமி அப்பாவு, உக்கிரபாண்டியன் மோகன் ஆகியோர். இரண்டும் தமிழ்ப் பெயர்கள். அதிலும் இரண்டாவது, நம் கொற்கையை ஆண்ட பாண்டியர் குலப் பெயராகவே இருக்கிறது!

இப்போது தொடக்கத்தில் போட்ட கணக்குக்கு வருகிறேன். மண் தரையில் ஆடி வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் "பதினைந்து பாயின்ட்தானே, நீ என்ன இருபத்தைந்து என்கிறாய்?" என்பார்கள். அவர்கள் சொல்வது பழைய முறை. அந்நாளில் ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள். ஆனால் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி உண்டு. மற்ற அணி பந்தை வென்றால் புள்ளி கிடையாது, சர்வீஸ் மட்டும் கை மாறும். இதனால் அரை மணி நேரம் ஆடியும் எண்ணிக்கை நகராமல் இருப்பதுண்டு. ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடியுமா, மூன்று மணி நேரம் இழுக்குமா என்று யாரும் சொல்ல இயலாது. தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. 1998இல் பன்னாட்டுச் சம்மேளனம் இதை மாற்றிவிட்டது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும், பந்தை வென்றவருக்குப் புள்ளி. முதல் நான்கு செட்டுகளுக்கு 25, ஐந்தாவதற்கு 15. எதிலும் இரண்டு புள்ளி முன்னிலை இருந்தே ஆக வேண்டும். ஆகவேதான் 29–27, 17–15 என்ற எண்கள் வருகின்றன. பழைய முறையில் ஒரு தனி அழகு இருந்தது என்பாரும் உண்டு. 14–5 என்று பின்தங்கிய அணி சர்வீஸை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே வருமாம். அதை நான் பார்த்ததில்லை. ஆயினும் புதிய முறையில் ஒவ்வொரு தவறுக்கும் உடனே விலை கொடுக்க வேண்டியிருப்பதால் மனத்திண்மை அதிகம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆக, செட்டுக்குத்தான் மதிப்பு. மொத்தப் புள்ளிக்கு இல்லை. முதல் செட்டை இந்தியா இரண்டு புள்ளியில் இழந்தது. இரண்டாவதை இரண்டு புள்ளியில் வென்றது. இதுவரை 54–54. மூன்றாவதில் மூன்று புள்ளி மேலே. நான்காவதில் ஐந்து புள்ளி கீழே. நான்கு செட்டு முடிவில் கொரியா 101, இந்தியா 99. கூட்டுத்தொகைக்குத்தான் வெற்றி என்றால் அப்போது முந்தி நின்றது கொரியாவே. ஆனால் ஐந்தாம் செட் தொடங்கும்போது பழைய பாக்கி எதுவும் கிடையாது. பலகையில் 0–0 என்றே எழுதுவார்கள். அதில் இந்தியா எடுத்தது 17, கொரியா எடுத்தது 15.

கூட்டுத்தொகை அடியோடு வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். பன்னாட்டுப் போட்டிகளில் அணிகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லோரையும் எல்லோருடனும் ஆட விடுவார்கள். வெற்றிகளின் எண்ணிக்கை முதலில் பார்க்கப்படும். 3–0 அல்லது 3–1 என வென்றால் மூன்று புள்ளி. 3–2 என வென்றவருக்கு இரண்டு, போராடித் தோற்றவருக்கு ஒன்று. அதிலும் சமமானால் வென்ற செட்டுகளைத் தோற்ற செட்டுகளால் வகுப்பார்கள். அதுவும் சமமானால் எடுத்த புள்ளிகளைக் கொடுத்த புள்ளிகளால் வகுப்பார்கள். தோற்கப் போகும் செட்டிலும் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து புரண்டு ஓடுவது இதனால்தான்.

இனி நம் நாட்டின் கதை. ஆசிய விளையாட்டில் கைப்பந்து முதன்முதல் 1958இல் தோக்கியோவில் சேர்க்கப்பட்டது. அந்த முதல் போட்டியிலேயே அறுவர் ஆட்டத்தில் இந்தியா வெண்கலம் வென்றது. (அக்காலத்தில் ஒன்பதின்மர் ஆட்டமும் தனியே உண்டு.) அடுத்து 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி! தங்கம் ஜப்பானுக்கு, வெண்கலம் பாகிஸ்தானுக்கு. இதுவே இன்று வரை நம் ஆடவர் அங்கு எட்டிய மிக உயர்ந்த இடம். அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. மறு ஆண்டு நிருப்ஜித் சிங் பெற்றார்.

அதன் பிறகு ஏன் இறங்கினோம்? ஜப்பானியர் உயரத்தில் ஐரோப்பியருக்குக் குறைந்தவர்கள். அந்தக் குறையை வேகத்தால் ஈடு செய்தார்கள். பந்து உயரே போய் இறங்கும் வரை காத்திராமல், செட்டர் கையை விட்டுக் கிளம்பும்போதே அடிப்பவர் காற்றில் இருக்கும்படி பழகினார்கள். ஒருவர் எம்புவதுபோல் காட்டிவிட்டு இன்னொருவர் அடிப்பதையும் பழகினார்கள். இத்தகைய ஆட்டத்தால் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அவர்களுடைய ஆடவர் தங்கமே வென்றனர். பெண்கள் அதற்கும் முந்திக்கொண்டனர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் கைசூகா என்னும் ஊரின் நூற்பாலைப் பெண்கள். பஞ்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த தூத்துக்குடிப் பெண்களுக்கு இது இனிக்கும் செய்தி என்பதால் நடுவே சொன்னேன். கொரியரும் சீனரும் இதே வழியில் தேர்ந்தார்கள். நாமோ உயரப் பந்தை எம்பி அடிக்கும் பழைய ஆட்டத்தை விட நெடுநாள் ஆயிற்று. 1982இல் நம் தில்லியிலேயே போட்டி நடந்தும் ஆடவருக்குப் பதக்கம் கிட்டவில்லை.

அந்த நிலையில்தான் 1986 சியோல் வந்தது. சீனா தங்கம், கொரியா வெள்ளி, இந்தியா வெண்கலம். பேர்பெற்ற ஜப்பான் பதக்கமின்றித் திரும்பிற்று. அந்த இந்திய அணியின் உயிர்நாடி ஜிம்மி ஜார்ஜ். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பேராவூர் என்னும் சிற்றூரில் 1955இல் பிறந்தவர். அண்ணன் தம்பியர் எட்டுப் பேர். எட்டுப் பேருமே கைப்பந்து ஆடினார்கள். அறுவர் போதும் என்ற ஆட்டத்துக்கு அவர்கள் வீட்டிலேயே மாற்று ஆட்டக்காரர் இருவரும் இருந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 21 வயதில் அர்ஜுனா விருது. பிறகு அபுதாபிக்கும் அங்கிருந்து இத்தாலிக்கும் சென்று சம்பளம் பெற்று ஆடினார். இத்தாலிதான் கைப்பந்துக்குப் பெரிய களம். அங்கு உலகத்தின் சிறந்தவர்களோடு நாள்தோறும் ஆடிக் கற்றதை அவர் சியோலுக்குக் கொண்டு வந்தார். அவருடைய கடைசித் தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜ்தான், 2003 உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜின் கணவரும் பயிற்சியாளரும்.

அந்த வெண்கல அணியில் சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித் முதலியோரும் ஆடினர். பி.வி. ரமணா என்று ஒருவரும் இருந்தார். அவர் மனைவி விஜயாவும் கைப்பந்து ஆட்டக்காரரே. இவர்களுடைய மகள் கைப்பந்தை விட்டு இறகுப்பந்து மட்டையைக் கையில் எடுத்தாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கிய பி.வி. சிந்து அவள்தான். சிந்துவின் படத்தை ஒட்டி வைத்திருக்கும் தோழியர் எத்தனை பேருக்கு அவள் தந்தையின் பதக்கம் தெரியும்?

சியோல் முடிந்து பதினான்கு மாதம்கூட நிறைவு பெறவில்லை. 1987 நவம்பர் 30ஆம் நாள் இத்தாலியில் ஒரு கார் விபத்தில் ஜிம்மி ஜார்ஜ் உயிர் நீத்தார். வயது 32. இத்தாலியில் மோன்டிக்கியாரி என்னும் ஊரில் உள்ளரங்கு ஒன்றுக்குப் 'பாலாஜார்ஜ்' என்று அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் அவர் பெயரில் உள்ளரங்கம் உண்டு. அயல்நாட்டான் ஒருவன் நினைவாக ஓர் இத்தாலிய ஊர் அரங்கம் எழுப்பிப் பெயரிட்டது சிறிய செய்தியன்று.

ஒருவர் போனதால் மட்டும் ஓர் அணி தாழ்ந்துவிடாது. நம்மிடம் நல்ல உள்ளரங்குகள் குறைவு. மணலில் ஆடினால் கால் வலுக்கும், உண்மை. ஆனால் காற்றில் அலையும் பந்தைக் கொண்டு அந்த நூலிழை வேக ஆட்டத்தைப் பழக முடியாது. போதாக்குறைக்கு நிர்வாகப் பூசல் வேறு. 2016 டிசம்பரில் பன்னாட்டுச் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தையே விலக்கி வைத்தது. தமிழகம் தந்த ஜி.இ. ஸ்ரீதரனைப்போல் (1982இல் அர்ஜுனா, 2007இல் துரோணாச்சாரியார் விருது) ஆடியும் ஆட்டுவித்தும் உழைத்தவர்கள் இருந்தும், 1986க்குப் பின் பதக்க மேடை எட்டாமலே நின்றது.

இந்தப் பின்னணியில் ஹாங்சோவைப் பாருங்கள். பிரிவில் மூன்றே அணிகள். செப்டம்பர் 19ஆம் நாள் கம்போடியாவை 3–0 என வென்றோம். மறுநாள்தான் அந்த 116–116 ஆட்டம். அது முடிந்தபோது போட்டியின் தொடக்க விழாவே நடந்திருக்கவில்லை! விழா 23ஆம் நாள். கைப்பந்தோ 19ஆம் நாளே தொடங்கிவிட்டது. தீபம் ஏற்றி, கொடி பிடித்து, உலகம் பார்க்கத் தொடங்குமுன் நம்மவர் கொரியாவையும், 22ஆம் நாள் சீன தைப்பேயையும் வென்று காலிறுதிக்கு வந்துவிட்டார்கள். தைப்பேயுடன் 3–0. அமித், வினித் குமார், அஷ்வால் ராய் ஆகியோரின் அடிகளைப் பலர் புகழ்ந்தனர்.

24ஆம் நாள் காலிறுதியில் ஜப்பானிடம் 0–3 எனத் தோற்றோம். ஒரு செட்டில்கூட இருபதைத் தொடவில்லை. முதல் தொடுதல் சிதறியதும் செட்டரால் ஒன்றும் செய்ய முடியாமற் போகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 26ஆம் நாள் ஐந்தாம் இடத்துக்காகப் பாகிஸ்தானுடன் ஆடி அதிலும் தோற்று ஆறாவதாக வந்தோம். தங்கம் ஈரானுக்கு, வெள்ளி சீனாவுக்கு, வெண்கலம் ஜப்பானுக்கு.

தென்கொரியா என்ன ஆயிற்று? நம்மிடம் ஐந்து செட்டில் விழுந்த அவர்கள் அடுத்த சுற்றில் பாகிஸ்தானிடமும் தோற்றார்கள். ஆசிய விளையாட்டின் ஆடவர் கைப்பந்தில் அந்நாடு பதக்கமின்றித் திரும்பியது 61 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. அதற்கு முன் அப்படி நேர்ந்தது 1962இல், இந்தியா வெள்ளி வாங்கிய அந்த ஜகார்த்தாவில்.